கிணற்றில் வளர்ந்த பூச்சிகள்

ஊரில் கோழி வளர்ப்பவன் உண்டு, ஆடு வளர்ப்பவன் உண்டு, புறா வளர்த்தே குடும்பத்தைக் கவிழ்த்தவனும் உண்டு. புளியங்கொட்டை அளவுப் பூச்சியை டப்பாவில் போட்டுப் பிள்ளை போலச் சீராட்டியவன் மல்லசமுத்திரம் வட்டாரத்திலேயே தனபால் ஒருவன்தான்.

ஐசோபாட் என்று பெயர். தாய்லாந்தில் சுண்ணாம்புக் குகைகளுக்குள் ஒளிந்து வாழும் ஜாதி. முதுகு முழுக்க அடுக்கடுக்காக ஓடு, முகம் மட்டும் மஞ்சள். தொட்டால் உருண்டுகொள்ளும். வெளிச்சம் ஆகாது, சூடு ஆகாது, ஈரம் காயவும் ஆகாது. உடைந்த ஓட்டுத் துண்டுக்கும் பாதாம் இலைச் சருகுக்கும் அடியில் போய்ப் பதுங்கினால் வாரக்கணக்கில் முகம் காட்டாது. வளர்ப்பவனுக்கே முகம் காட்டாத பிராணியை எதற்கு வளர்ப்பது என்று கேட்டால் தனபால் சிரிப்பான். முகம் மஞ்சளாக இருப்பதால் அவற்றை வாத்துகள் என்றுதான் கூப்பிடுவான்.

"வேலில போற ஓணான எடுத்து மடில உட்டுக்கிட்ட கதையால்ல இருக்குது. அதும் கூரியர்ல வரவெச்சு" என்று அவன் மனைவி சௌந்தர்யா முதலில் நொடித்தாள். ஆனாலும் தடுக்கவில்லை. அதற்குக் காரணம் இருந்தது.

தனபாலும் அண்ணன் மயில்சாமியும் நிலத்தைப் பிரித்தபோது கிணறு மட்டும் பொதுவில் நின்றது. ஆளுக்குப் பாதி. பிறகு மயில்சாமி தன் எல்லைக்குள் கிணற்றை ஒட்டியே போர் போட, கிணறு வற்றிப்போனது. வாய்ப்பேச்சு முற்றி, மயில்சாமி கையிலிருந்த மண்வெட்டிக் காம்பு தனபால் மண்டையில் இறங்கியது. பங்காளிக் காய்ச்சல் என்று ஊர் ஒரு வார்த்தையில் முடித்துக்கொண்டது. கட்டுப் போட்டுப் படுத்திருந்தவன் சுவரைப் பார்த்தே கிடந்தான். சோறு வேண்டாம், பேச்சு வேண்டாம். செல்போனில் இந்தப் பூச்சியைப் பார்த்த அன்றுதான் முதல் முறையாகச் சிரித்தான். புருஷனைத் திருப்பித் தந்த பூச்சிகளை அவளால் வெறுக்க முடியவில்லை. அண்ணனும் தம்பியும் அதற்குப் பின் ஒரு சொல் பேசிக்கொள்ளவில்லை.

கத்திரி வெயில் தொடங்கியதும் கான்கிரீட் வீடு அடுப்பாகக் காய்ந்தது. வாத்துகளில் இரண்டு செத்தன. தனபால் துடித்துப்போய் டப்பாக்களைக் கிணற்றுக்குக் கொண்டு போனான். படியில் பாதி ஆழம் இறங்கினால் சுவரைக் குடைந்து கட்டிய மோட்டார் அறை இருந்தது. மோட்டாரை எப்போதோ கழற்றி விற்றாயிற்று. உள்ளே குளுகுளுவென்று ஈரம். குகைப் பூச்சிக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? திருச்செங்கோட்டில் போர் போடும் ரிக் வண்டிகளின் பட்டறைக்கு வேலைக்குப் போகும் முன் ஒரு முறை, திரும்பி வந்ததும் ஒரு முறை, இறங்கிப் பார்த்துவிட்டுத்தான் மறுவேலை. அங்கேதான் முதல் ஈடு குஞ்சுகள் பிறந்தன, நொய்யரிசி போல வெள்ளையாக.

அந்த வெயிலில், கிணற்றுக்கு அந்தப் பக்கம் மயில்சாமி வைத்திருந்த பண்ணையிலும் கோழிகள் சாக ஆரம்பித்தன. மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த சௌந்தர்யா ஒரு நாள் பார்த்தாள். மயில்சாமி தீவன மூட்டைச் சாக்கில் செத்த கோழிகளைக் கட்டி இழுத்து வந்து, கிணற்றில் தன் பக்கத்து மேட்டிலிருந்து உள்ளே கொட்டினான். மேலே இரண்டு கூடை மண்ணும் போட்டான். அவன் பாதிக் கிணறு, அவன் கொட்டுகிறான். கேட்க யாருக்கு உரிமை?

அவள் புருஷனிடம் சொல்லவில்லை. சொன்னால் அடுத்த நிமிஷம் கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு போவான். போன முறை தையலோடு போயிற்று. இந்த முறை என்ன ஆகுமோ என்று பயந்தாள். நாற்றம்தானே, மண் மூடினால் அடங்கிவிடும் என்று தன்னைத் தானே சமாதானம் செய்துகொண்டாள்.

ஒரு சாயங்காலம் தனபால் ஒரு டப்பாவைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கே ஓடி வந்தான்.

"இங்க பாரு புள்ள! அத்தினியும் மேல வந்திருச்சு!"

வாத்துகள் எல்லாம் மூடியின் உட்பக்கத்தில் ஒட்டிக் கிடந்தன. காற்றுக்காகப் போட்ட துளைகளைச் சுற்றி ஒன்றன்மேல் ஒன்றாக மொய்த்திருந்தன. சருகுக்கு அடியில் ஒன்றுகூட இல்லை. சௌந்தர்யா டப்பாவை வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள்.

"ஒளியறதுதானுங்களே அதுக பொழப்பு? இப்ப எதுக்குங்க வெளிய வந்திருக்குதுக?"

"பழகிருச்சு புள்ள. பயம் தெளிஞ்சிருச்சு."

"கெணத்துல நாத்தம் அடிக்குதுங்களா?"

"மின்னெல்லாம் அடிச்சுது. எலி கிலி செத்திருக்கும். இப்ப ஒண்ணும் தெரீல" என்றவன் நெற்றியைத் தேய்த்துக்கொண்டான். "வெயிலுக்குத் தலவலி மட்டும் உடமாட்டீங்குது."

சௌந்தர்யாவின் அப்பா கிணறு தூர் வாரும் வேலைக்குப் போனவர். எந்தக் கிணறானாலும் முதலில் அரிக்கேன் விளக்கைக் கயிற்றில் இறக்கிப் பார்ப்பார். விளக்கு அணைந்தால் உள்ளே நல்ல காற்று இல்லை, அன்றைக்கு வேலையும் இல்லை. அதை அவள் சொன்னாள். "தெனமும் எறங்கற கெணறு புள்ள" என்று அவன் சிரித்துவிட்டான்.

இனி அவனை இறங்க விடக்கூடாது. அண்ணன் பேரையும் எடுக்கக்கூடாது. இரண்டுக்கும் ஒரே வழிதான் அவளுக்குத் தெரிந்தது. மறுநாள் அவன் டப்பாவைத் திரும்ப மோட்டார் அறையில் வைத்துவிட்டுப் பட்டறைக்குக் கிளம்பியதும், சாமான் அறையை ஒழித்தாள். தரையில் மணலைப் பரப்பி நீர் ஊற்றினாள். ஜன்னலுக்கு நனைந்த கோணிப்பையைக் கட்டினாள். தொட்டுப் பார்த்தாள்; கை சில்லிட்டது. பிறகு முந்தானையை மூக்கில் இறுக்கிக்கொண்டு கிணற்றில் இறங்கி, டப்பாக்களை ஒவ்வொன்றாக மேலே கொண்டு வந்தாள். கடைசி டப்பாவோடு ஏறும்போது கால் துவண்டது. மேல் படியில் உட்கார்ந்து வாந்தி எடுத்தாள். எடுத்து முடித்ததும் சிரிப்பு வந்தது. என் புருஷனை நான் காப்பாற்றிவிட்டேன் என்று நினைத்தாள். அவளுக்கு அப்படியொரு சந்தோஷம் வந்து வெகுநாள் ஆகியிருந்தது.

போனில் சொல்லிவிடலாம்தான். ஆனால் இத்தனை நாள் நொடித்துப் பேசியவள் தானே குஞ்சுகளுக்கு இடம் செய்து வைத்திருப்பதைப் பார்த்ததும் அவன் முகம் எப்படி மாறும்? அதைப் பார்க்க ஆசைப்பட்டாள். அதனால் போன் செய்யவில்லை.

மத்தியானம் கரண்ட் போனது. மயில்சாமியின் பண்ணையில் மின்விசிறிகள் நின்றன. மூன்று மணிக்குள் அவனும் பண்ணையாட்களும் செத்த கோழிகளைச் சாக்குச் சாக்காக இழுத்து வந்து கிணற்றில் கொட்டி, மேலே மண்ணும் போட்டார்கள். சௌந்தர்யா மாடியிலிருந்து பார்த்தாள். கொட்டட்டும், இனி அதில் இறங்க ஆள் இல்லை என்று நினைத்துக்கொண்டு கீழே வந்தாள்.

சாயங்காலம் வாசலில் நீர் தெளித்துவிட்டு, வாணலியில் பஜ்ஜி போட்டாள். தனபாலின் வண்டிச் சத்தம் கேட்டது. புடவையைச் சரி செய்துகொண்டு வாசலுக்கு வந்தாள். வண்டி வரவில்லை. சத்தம் தூரத்திலேயே நின்றுவிட்டிருந்தது. பட்டறைக் களைப்போடு வந்தாலும் அவன் முதலில் போவது கிணற்றுக்குத்தான். தினமும் பார்த்த சங்கதி, அன்றைக்கு மறந்திருந்தாள். அது நினைவுக்கு வந்ததும் அடுப்பை அணைக்காமல் ஓடினாள்.

கிணற்றோரம் வண்டி ஸ்டாண்டு போட்டு நின்றது. ஹாண்டிலில் சாப்பாட்டுப் பை தொங்கியது. மோட்டார் அறைக் கதவு அகலத் திறந்து கிடந்தது. அவள் எட்டிப் பார்த்தாள். அறையையும் தாண்டி, படிகள் எல்லாம் முடிந்த அடி ஆழத்தில், புதிதாகக் கொட்டிய மண்மேல் அவன் குப்புறக் கிடந்தான். நீலச் சட்டை. பக்கத்தில் செல்போன் டார்ச் இன்னும் எரிந்துகொண்டிருந்தது.

அவள் போட்ட சத்தத்தில் பண்ணையிலிருந்து மயில்சாமி ஓடி வந்தான். குனிந்து பார்த்தான். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முதல் படியில் காலை வைத்தான். சௌந்தர்யா பாய்ந்து அவன் காலை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டாள்.

"எறங்காதீங்க மாமா! உள்ள காத்து இல்லீங்க. கோழி அழுகி வெசமாப் போச்சு. எறங்குனா நீங்களும் ஏற மாட்டீங்க!"

"உடு! என்ற தம்பி கெடக்கறான், உடு!"

அவன் உதறினான். முழங்கை அவள் வாயில் பட்டு ரத்தம் வந்தது. அவள் விடவில்லை. தனக்கும் இறங்க வேண்டும் போலிருந்தது. அதனால் இன்னும் இறுக்கிப் பிடித்தாள். பண்ணையாட்கள் வந்து சேர்ந்தார்கள். ஒருவன் தீயணைப்பு வண்டிக்குப் போன் போட்டான். மற்றவர்கள் மயில்சாமியைப் பின்னால் இழுத்தார்கள். அவன் மேட்டில் மண்டியிட்டு உள்ளே பார்த்துக் கூப்பிட்டான். "தனபாலு... சாமி... எந்திரி சாமி." உள்ளேயிருந்து கூப்பிட்டவன் குரல்தான் திரும்பி வந்தது.

மயில்சாமி முகத்தைத் திருப்பாமலே பேசினான்.

"நா பாத்துக்கிட்டுதான இருந்தேன். தெனமும் ரூமு வரைக்கும்தான் போவான். பொட்டியப் பாப்பான், திரும்பீருவான். அதுக்குக் கீழ ஒரு படி எறங்க மாட்டான். அந்தத் தைரியத்துலதான் கொட்டுனேன். இன்னைக்கு எதுக்கு அடி வரைக்கும் போனான்?"

சௌந்தர்யா உதட்டு ரத்தத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"ரூமுல பொட்டி இல்லீங்க மாமா. உள்ள உழுந்திருச்சுன்னு தேடிப் போயிருக்கறாரு. காத்தால நாந்தான் எடுத்துக்கிட்டுப் போனேன். அவருகிட்டச் சொல்லல."