கதவுக்கு விழுந்த மாலை

பெயிண்டர் முதலில் ஆடி முடியட்டும் என்றார். ஆடி முடிந்ததும் மழை விடட்டும் என்றார். மழை விட்ட பிறகு போனையே எடுக்கவில்லை. சென்னகேசவனுக்கு ரோசம் வந்துவிட்டது. செல்போனில் வரிசையாக வீடியோக்கள் பார்த்துவிட்டு, "நம்மூட்டு வாசக் கதவுக்கு நானே பெயிண்ட் அடிக்கப் போறேன்" என்று மனைவியிடம் அறிவித்தார்.

பங்காரம்மா தோசையைத் திருப்பிப் போட்டாள். "ஏனுங்க, உங்களுக்கு எதுக்குங்க இந்த வேல? வேற ஆளப் பாத்துக்கலாமுங்க."

"வீடியோல ஒரு வெள்ளக்காரன் ஒத்த ஆளா அடிக்கறான்."

"அவன் ஊட்டுக் கதவு அட்டைல செஞ்சதுங்க. நம்முளுது தேக்கு."

சென்னகேசவன் சூலூரில் ஒரு பம்பு கம்பெனியில் கொள்முதல் பிரிவில் இருப்பவர். பொருளை வாங்கிவிட்டால் பாதி வேலை முடிந்தது என்பது அவர் கட்சி. அன்று மாலையே கரும்பச்சைப் பெயிண்ட், பிரஷ், உப்புத்தாள் எல்லாம் வந்து இறங்கின.

சனிக்கிழமை காலை பக்கத்து வீட்டு மைதீன் பிச்சை, மெத்தைக் கடையை மகனிடம் விட்டுவிட்டு உதவிக்கு வந்தார். அவருக்கும் பெயிண்டைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் ஆர்வம் சென்னகேசவனுக்குக் குறைந்ததல்ல.

"கதவ நிக்க வெச்சு அடிச்சா பெயிண்ட் வழியும் பாய். கழட்டிப் படுக்கப் போட்டுத்தான் அடிக்கோணும்."

"அதுதானுங்க மொற. மெத்தையக்கூட நாங்க படுக்கப் போட்டுத்தான் தைக்கறோம்."

கதவைக் கழற்றவே மதியமாகிவிட்டது. கீல்களில் இருந்த திருகாணிகள் அசையவில்லை. கடைசித் திருகாணி கழன்ற வேகத்தில் கதவு பாயின் மேல் சாய, அவர் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு போர்ட்டிகோ வரை நடனமாடி வந்து சேர்ந்தார். இரண்டு பெஞ்சுகளின் மேல் கதவைக் கிடத்தி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, இருட்டுவதற்குள் முதல் பூச்சு அடித்து முடித்தார்கள். கதவு கண்ணாடி போல மின்னியது. இருவரும் அதன் பக்கத்தில் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டார்கள்.

பக்கத்துத் தெருவில் விசைத்தறிகள் ஓடுகின்றன என்பதை இருவரும் மறந்துவிட்டார்கள். விடிந்து பார்த்தால், காற்றில் வந்த பஞ்செல்லாம் ஈரப் பெயிண்டில் ஒட்டியிருந்தது.

"கதவுக்கு மீச மொளச்சிருக்குதுங்க" என்றார் பாய்.

முந்தின இரவு முழுவதும் கதவில்லாத வீட்டுக்குக் காவலாக வாசலின் குறுக்கே ஜமுக்காளம் விரித்துப் படுத்திருந்த சென்னகேசவனுக்கு இதைக் கேட்டுச் சிரிக்கத் தெம்பில்லை. அப்படியும் அவர் கண்ணயர்ந்த நேரத்தில் ஒரு ஆடு அவரைத் தாண்டிச் சமையலறை வரை போய்க் கொத்துமல்லிக் கட்டைத் தின்றுவிட்டுத் திரும்பியிருந்தது.

மறுபடியும் தேய்த்தார்கள். மறுபடியும் அடித்தார்கள். இந்த முறை பஞ்சு விழாமலிருக்க சென்னகேசவன் ஒரு யோசனை செய்தார். பெஞ்சுக் கால்களில் நாலு மூலையிலும் கம்பு கட்டி, கயிறு இழுத்து, பெயிண்டில் படாமல் ஒரு சாண் உயரத்தில் தன் வெள்ளை வேட்டியை விரித்துக் கட்டினார். அது நடுவில் சற்றுத் தொய்ந்து, கதவின் நீளத்துக்கு இரண்டு பக்கமும் தொங்கியது. பிறகு இரண்டு பேரும் பிளாஸ்டிக் சேர் போட்டு அதன் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். தெருவில் போன இருவர் என்ன விஷயம் என்று கேட்க வந்து, அவர்களும் உட்கார்ந்துகொண்டார்கள். உப்புத்தாள் தூசி பட்டு எரிந்த கண்களைப் பாய் துண்டால் துடைத்தபடி இருந்தார்.

அந்த நேரம் பார்த்துத்தான் அபிலாஷ் அந்தத் தெருவைத் தாண்டினான். பங்காரம்மாவின் சித்தி மகன். மனைவியைப் பைக்கில் ஏற்றிக்கொண்டு வெள்ளகோவிலில் ஒரு கல்யாணத்துக்குப் போய்க்கொண்டிருந்தான். அக்கா வீட்டு வாசலைப் பார்த்தவன் வண்டியை நிறுத்தவில்லை. திருச்சி ரோட்டுக்குப் போய் ஓரங்கட்டி, மேட்டுப்பாளையத்தில் பாக்கு வியாபாரம் செய்யும் நரசிம்மலுவுக்குப் போன் போட்டான். நரசிம்மலு பங்காரம்மாவின் சொந்த அண்ணன்.

"அண்ணா, அக்கா ஊட்டு வாசல்ல கெடத்தியிருக்குதுங்ணா. வெள்ளத் துணி போத்தியிருக்காங்க. ஒரு பாய் அழுதுட்டு இருக்காருங்க. ஊட்டுக் கதவயே கழட்டி வெச்சிருக்காங்கங்ணா."

"கதவ எதுக்குடா கழட்றாங்க?"

"எடுத்துட்டுப் போக வழி பத்தாதுன்னு இருக்குமுங்ணா. மாமா நல்ல ஒசரமாச்சுங்களே."

"எறங்கிப் பாத்தியா?"

"முகூர்த்தத்துக்குப் போறமுங்ணா. துக்க ஊட்டுல கால வெச்சுட்டு எப்படிங்ணா போறது?"

நரசிம்மலு தொப்பென்று உட்கார்ந்துவிட்டார். அவரும் சென்னகேசவனும் பேசிப் பல வருடங்களாகிவிட்டன. ஒரு கல்யாணப் பந்தியில் நரசிம்மலு மறுபடி பாயசம் கேட்டபோது, "மச்சானுக்கு இன்னொரு இலையும் சேத்திப் போடுங்கப்பா" என்று சென்னகேசவன் வாய் சும்மா இராமல் சொல்லிவிட்டார். பந்தியே சிரித்தது. நரசிம்மலு இலையை மூடிவிட்டு எழுந்தவர்தான். சென்னகேசவனின் போன் நம்பரைக்கூட அழித்துவிட்டார். இப்போது தங்கைக்குப் போன் அடித்தார். அது வீட்டுக்குள் சார்ஜரில் கிடந்து ஆள் இல்லாமல் கத்தியது. பங்காரம்மா பக்கத்து வீட்டில் பாயின் மனைவி உம்மல் குல்சுமுடன் உட்கார்ந்து முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். போனை எடுக்காததே சேதியை உறுதி செய்துவிட்டது. நரசிம்மலு சொந்தக்காரர்களுக்கெல்லாம் தகவல் சொல்லிவிட்டு, மாலை வாங்கிக்கொண்டு, வாடகைக் கார் பிடித்து மனைவியுடன் கிளம்பினார்.

மதியத்துக்கு மேல் கார் வந்து நின்றபோது வாசலில் யாரும் இல்லை. பாய் தொழுகைக்குப் போயிருந்தார். வெறும் சேர்கள் மட்டும் கிடந்தன. அனாதையாகக் கிடந்த அந்த வெள்ளைத் துணியைப் பார்த்ததும் நரசிம்மலு காரிலிருந்து இறங்கி ஓடினார்.

"மாப்ளே!" என்று அலறி, மாலையோடு அதன்மேல் விழுந்தார். கயிறு அறுந்தது. "இப்படிப் பண்ணிப்போட்டீங்களே மாப்ளே! ஒரு சொல்லுக்குக் கோவிச்சுட்டு இத்தன வருசம் இருந்துபோட்டனே! நீங்க சொன்னதுல என்னங்க தப்பு? அன்னிக்கு நான் நெசமாலுமே நாலு தடவ பாயசம் வாங்கினேன் மாப்ளே!"

கொல்லையில் மண்ணெண்ணெய் விட்டுக் கை கழுவிக்கொண்டிருந்த சென்னகேசவனுக்குச் சத்தம் கேட்டது. முழங்கை வரை பச்சையாக ஓடி வந்தார்.

"யாருங்க அது? தொடாதீங்க! ஈரம்! ஈரம்!"

நரசிம்மலு தலையைத் தூக்கினார். வாசலில் பச்சைக் கைகளை நீட்டிக்கொண்டு செத்தவர் நின்றார். நரசிம்மலு போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக் கீரை சிதறியது. அவர் மனைவி சத்தமில்லாமல் ஒரு சேரில் சரிந்தாள்.

பள்ளிவாசலிலிருந்து திரும்பிய பாய், சட்டையெல்லாம் பெயிண்டாக ஒருவர் கதவின்மேல் படுத்து அழுவதைப் பார்த்துப் பதறிப்போனார். "என்னங்க கேசவண்ணா, கலரு அவ்வளவு மோசமாவா வந்திருக்குது?"

பங்காரம்மா ஓடி வந்து முதலில் அண்ணனைப் பார்த்து அழுதாள். விஷயம் தெரிந்ததும் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். முடியவில்லை. உட்கார்ந்தே சிரித்தாள்.

"சிரிக்காத அம்மிணி" என்றார் நரசிம்மலு கோபமாக. "அவ்வளவு தொலவுலிருந்து அழுதுட்டே வந்திருக்கறேன்."

"என்னங்ணா, அவரு உசிரோட இருக்கறது அவ்வளவு வருத்தமா?"

நரசிம்மலு கைக்குட்டையைத் தேடினார். அதுவும் பச்சையாக இருந்தது. சென்னகேசவன் அருகில் வந்தார். மாமியார் இறந்தபோதுகூட இந்த மனிதர் இப்படி அழுததை அவர் பார்த்ததில்லை. அது தனக்காக என்று நினைத்தபோது, பச்சைக் கையோடே மச்சானின் தோளைப் பிடித்துத் தூக்கிவிட்டார்.

"உள்ள வாங்க மச்சான். சாப்பிட்டுப் பேசிக்கலாம்."

"இந்தக் கதவு?"

வேட்டியைப் பிரித்து எடுத்தார்கள். அதன் நெசவு கதவில் அப்படியே பதிந்திருந்தது. நடுவில் ரோஜா இதழ்கள், ஒரு பக்கம் நரசிம்மலுவின் வயிறு.

"நான் கெடுத்தத நானே சரி பண்ணிக் குடுத்துட்டுத்தானுங்க போவேன்" என்றார் நரசிம்மலு. சாப்பிட்டுவிட்டு, மாப்பிள்ளையின் பழைய பனியனைப் போட்டுக்கொண்டு உப்புத்தாளோடு உட்கார்ந்தார். பிரஷை நீளவாக்கில் இழுப்பதா குறுக்கே இழுப்பதா என்று மூன்று பேரும் மாலைவரை சண்டை போட்டார்கள்.

இடையிடையே போன் வந்துகொண்டே இருந்தது. துக்கம் விசாரித்தவர்களுக்கு சென்னகேசவனே பதில் சொன்னார். குரலைக் கேட்டதும் சிலர் பட்டென்று வைத்துவிட்டார்கள். வயதான ஒரு பெரியப்பாவுக்குக் காது சரியாகக் கேட்காது.

"எப்பங்க எடுக்கறாங்க?"

"காஞ்சதுக்கு அப்புறந்தானுங்க. இன்னொரு கோட்டிங் பாக்கி இருக்குது."

"அப்படீங்களா" என்றார் பெரியப்பா. "அவசரமில்லீங்க. நல்லபடியாச் செய்யுங்க."

வெயில் நன்றாக அடித்ததால், செவ்வாய்க்கிழமை காலை கதவு நிலையில் ஏறியது. சாத்தும்போது கீழே கொஞ்சம் உரசியது. பச்சை ஒரு இடத்தில் கருத்தும் ஒரு இடத்தில் வெளுத்தும் இருந்தது. இருந்தாலும் பங்காரம்மா அதைத் திறந்து திறந்து மூடிப் பார்த்தாள்.

நரசிம்மலு கிளம்பத் தயாரானார். அவருடைய சட்டை இனி எதற்கும் ஆகாது. சென்னகேசவனின் சட்டை ஒன்றைப் போட்டிருந்தார். மேலிரண்டு பொத்தான்கள் மாட்டின. மற்றவை மாட்ட மறுத்து வயிற்றின் இரண்டு பக்கமும் ஒதுங்கி நின்றன.

சென்னகேசவன் அந்த வயிற்றைப் பார்த்தார். அவர் வாய் மெல்லத் திறந்தது. பங்காரம்மா மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

"மச்சான்..." என்றார்.

"சொல்லுங்க மாப்ளே."

"பாத்துப் போயிட்டு வாங்க."

கார் தெருமுனை திரும்பும்வரை பொறுத்திருந்துவிட்டு, உள்ளே போய்ப் புதுக் கதவைச் சாத்திக்கொண்டு, சென்னகேசவன் விழுந்து விழுந்து சிரித்தார்.