அக்காவுக்குக் கொடுத்தது

வாசலில் குடைமிளகாய் சுட்டுக்கொண்டிருந்த நெவென்கா கையிலிருந்த இடுக்கியைக் காட்டி, "இதுக்கு என்ன பேரு?" என்று கேட்டபோது, அக்கா வம்புக்கு இழுக்கிறாள் என்றுதான் ஜிவான் நினைத்தான். ஆகஸ்ட் கடைசியில் அந்தத் தெரு முழுக்க மிளகாய் சுடும் வாசனைதான். குளிர்காலத்துக்கு மிளகாயைச் சுட்டு ஜாடியில் அடைக்காத வீடே கிடையாது. பெகேய் ஆற்றுக் கொசுவும் சாயங்காலமானால் தவறாமல் வந்துவிடும். அவளுக்கு முந்தின நாளே காய்ச்சல். வெயில் சூடு என்று தட்டிக்கழித்துவிட்டாள். இப்போது இடுக்கி நழுவி விழுந்தது. எடுக்கக் குனிந்தவளின் வலது கால் மடங்கிக்கொண்டது. ஜிவான் அடுப்பை அணைக்கக்கூட நிற்கவில்லை. தன் டயர் கடை வண்டியில் அவளைத் தூக்கிப் போட்டுக்கொண்டு நோவி சாத் நகர ஆஸ்பத்திரிக்கு விரட்டினான்.

அவன் பதறியதற்குக் காரணம் உண்டு. சில வருஷங்களுக்கு முன்னால் அவனுடைய கிட்னி ஒன்றை எடுத்து அவளுக்கு வைத்திருந்தார்கள். உடம்பு அதை அந்நியப் பொருள் என்று தள்ளிவிடாமலிருக்க, எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மாத்திரைகளை அவள் தினமும் விழுங்கியாக வேண்டும். அதனால் மற்றவர்களுக்குத் தும்மலோடு போகிற நோய்கூட அவளைப் படுக்கையில் தள்ளிவிடும்.

ஆஸ்பத்திரியில் அவள் நினைவு வருவதும் போவதுமாக இருந்தது. ஜிவானைச் செத்துப்போன புருஷன் என்று நினைத்து, பன்றிக்குத் தீனி வைத்தாயா என்று அதட்டினாள். வைத்தாயிற்று என்றான் அவனும். முதல் ரத்தப் பரிசோதனையில் ஒன்றும் தெரியவில்லை. டாக்டர் துஷித்சா விடுகிற ஆள் இல்லை.

"கிருமி வந்தா உடம்பு அதை எதிர்த்து ஏதாவது செய்யும். அந்தத் தடயத்தைத்தான் தேடினோம். இவங்க உடம்பைத்தான் நாமளே கட்டிப்போட்டிருக்கோமே. கிருமியையே நேரா தேடிப் பார்த்துடறேன்."

முதுகுத்தண்டிலிருந்து நீர் எடுத்து அனுப்பினார். கொசுவால் பரவும் மேற்கு நைல் வைரஸ் மூளை வரைக்கும் போயிருந்தது தெரிந்தது.

"இதைக் கொல்ல மருந்து கிடையாது," என்றார் ஜிவானிடம். "அவங்க உடம்புதான் சண்டை போடணும். அதுக்கு மாத்திரையைக் குறைக்கணும். குறைச்சா கிட்னி போனாலும் போகும். அவங்களைக் கேக்கற நிலைமை இல்ல. நெருங்கின சொந்தம் நீங்கதான். கொடுத்தவரும் நீங்கதான்."

"அவளுக்காகத்தான கிட்னி? கிட்னிக்காக அவ இல்லையே. குறைங்க டாக்டர்."

சொன்ன பிறகுதான் தன் கை இடுப்புத் தழும்பின் மேல் இருப்பதைக் கவனித்தான். அறுவைக்குப் பிறகு வலியில் கிடந்தது ஞாபகம் வந்தது. குடிக்கிற இடத்தில் சட்டையைத் தூக்கித் தழும்பைக் காட்டிப் பெருமை பேசியதும் ஞாபகம் வந்தது. ஆனாலும் சொன்ன வார்த்தையை மாற்றத் தோன்றவில்லை.

மறுநாள் நெவென்காவுக்குக் கொஞ்ச நேரம் தெளிவு வந்தது. மாத்திரை குறைந்திருப்பதை உடனே கண்டுபிடித்துவிட்டாள்.

"முழுசா குடுக்கச் சொல்லுடா. உன்னோடத வீணாக்கிடுவாங்க."

"என்னோடதா? வாடகைக்கா விட்டேன்? அது உன்னோடது."

"மிட்டாயைக் குடுத்துட்டு சாயங்காலமே திருப்பிக் கேட்டவன்தானே நீ."

"இப்பக் கேக்கல. நீ பிழைச்சு எழுந்து வா, அப்புறம் சண்டை போடலாம்."

அவள் சிரித்தாளா முனகினாளா தெரியவில்லை. மறுபடி கண்ணை மூடிக்கொண்டாள்.

அடுத்து வந்த நாட்களில் காய்ச்சல் இறங்கியது. ஆனால் கிட்னி தளர்வதற்கு அடையாளமாக ரத்தத்தில் உப்பு ஏறியது. ஒன்றுக்குச் சந்தோஷப்படுவதா இன்னொன்றுக்குப் பயப்படுவதா என்று கேட்டவர்களிடம், "அக்கா என் பேர் சொல்லிக் கூப்பிடறா, எனக்கு அது போதும்," என்றான் ஜிவான். அவள் கூப்பிட்டதே, தாடியை மழிக்காமல் வந்து நிற்கிறாயே என்று திட்டத்தான்.

வலது கால் இன்னும் முழுதாகச் சொன்னபடி கேட்கவில்லை. ஆனாலும் ஒரு நாள் காலை அவன் தோளைப் பிடித்துக்கொண்டு முதல்முறையாக எழுந்து நின்றாள். கிட்னியைப் பற்றி டாக்டர் எதுவும் உறுதியாகச் சொல்லவில்லை. கட்டிலடியில் தொங்கிய சிறுநீர்ப் பையை நர்ஸ் கழற்றி, கிட்னி வேலை செய்கிறதா என்று பார்க்க ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தாள். பேசிக்கொண்டிருந்த அக்காவும் தம்பியும் அதையே பார்த்தார்கள். பையின் அடியில் வெளிர்மஞ்சளாகக் கொஞ்சம் தேங்கியிருந்தது. வெயில் அதற்குள் புகுந்து சுவரில் ஆடிக்கொண்டிருந்தது.