டோலிடோவுக்குச் சூறாவளி எச்சரிக்கை

அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்து டோலிடோ நகரத்து வெண்டல் குருப்கா ஆண்டுக்கொருமுறை தன் இணையதளத்தில் மதிப்பெண் போடுவார். மாணவர்களுக்கு அல்ல, பழைய தொலைக்காட்சித் தொடர்களை டிவிடியாக வெளியிடும் கம்பெனிகளுக்கு. ஒரு காட்சியில் சில விநாடி குறைந்தாலும் எஃப், அதாவது ஃபெயில். உரிமைத் தொகைக்குக் கஞ்சப்பட்டுப் பாட்டை மாற்றினாலும் எஃப். முதல் சீசனை விற்றுவிட்டு இரண்டாவதைக் கண்ணில் காட்டாதவர்களுக்கு எஃப்போடு வசவும் உண்டு. கம்பெனிகள் தன்னைக் கண்டு நடுங்குவதாக வெண்டல் நம்பினார். அப்படி ஒரு ஆள் இருப்பதே அவர்களுக்குத் தெரியாது என்று அவர் மனைவி லோர்னா நம்பினார்.

அதனால், காப்பர் லான்டர்ன் கம்பெனியிலிருந்து டிரிஷ் என்ற பெண் போன் செய்த அன்று வெண்டலுக்குத் தலைகால் புரியவில்லை.

"சார், 'மார்ஷல் டோபின்' கௌபாய் தொடரோட மூணாவது சீசன்ல சில எபிசோட் எங்ககிட்ட வெட்டுப்பட்டிருக்கு. நீங்க அந்தக் காலத்துலயே டிவியில வரவர முழுசா பதிவு பண்ணி வெச்சிருக்கீங்களாமே?"

"ஒண்ணுவிடாம இருக்கும்மா. விட்டுப்போன துண்டுகளை மட்டும் எடுத்துக்கங்க."

"கண்டிப்பா சார்."

டேப்புகளை அவரே அட்டைப்பெட்டியில் அடுக்கி அனுப்பினார். அடுத்த வசந்தத்தில் டிவிடி வந்தது. 'புத்தம்புதிதாய்ச் செப்பனிடப்பட்டது' என்று அட்டையில் தங்க எழுத்து மின்னியது. லோர்னாவையும் இழுத்து உட்கார வைத்துக் கடைசி எபிசோடைப் போட்டார். மார்ஷல் துப்பாக்கியில் கைவைத்தார். எதிரி கண்ணைச் சுருக்கினான். படத்தின் அடியில் வெள்ளை எழுத்து ஊர்ந்தது: டோலிடோ, லூகஸ் கவுண்டிக்குச் சூறாவளி எச்சரிக்கை. உடனே கீழறைக்குச் செல்லவும்.

துண்டை மட்டும் எடுக்கவில்லை. வெண்டல் பதிவு செய்த அன்று டிவியில் ஓடிய எச்சரிக்கையோடு டேப்பை அப்படியே போட்டு விற்றிருந்தார்கள்.

"அமெரிக்கா பூராவும் இப்ப கீழறைக்கு ஓடுது," என்று லோர்னா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "போடுய்யா எஃப்!"

வெண்டலுக்குக் கை வரவில்லை. வேறு யாராவது செய்திருந்தால் நாலு பக்கம் கிழித்திருப்பார். இப்போது, "வானிலைக் குறிப்பு அந்தக் காலத்தை உயிரோடு கொண்டுவருகிறது" என்று எழுதி, பி-பிளஸ் போட்டார்.

மறுநாளே ஸ்போகேனிலிருந்து கில் பாஸ்டர்நாக் போன் செய்தார். அவரும் மதிப்பெண் போடுகிறவர்தான். பதினைந்து ஆண்டுப் போட்டி.

"என்ன குருப்கா, பி-பிளஸ்ஸா? எவ்வளவு வாங்கின? நான் எஃப் போட்டேன். எவனோ ஒரு முட்டாள் ஓஹையோல உட்கார்ந்து டேப்புல பிடிச்சதைத் தூக்கிப் போட்டிருக்கானுங்க. ஆன்டெனாவைக்கூடச் சரியா திருப்பத் தெரியல அவனுக்கு!"

"ஆன்டெனா நல்லாத்தான் இருந்துச்சு," என்றார் வெண்டல் சுருக்கென்று. "அன்னைக்குக் காத்து அப்படி."

சொன்ன பிறகுதான் உளறியது உறைத்தது. கண்டுபிடித்துவிட்டான், நாளைக்கு ஊரெல்லாம் சிரிக்கப்போகிறது என்று வெண்டலுக்குக் காது சூடேறியது.

"அந்த டேப்பு உன்னோடதா?" என்றார் கில், குரலைத் தாழ்த்தி.

"ஆமா. எழுதிக்கோ."

"எழுதறது கிடக்கட்டும். ஏம்ப்பா வெண்டல், நாலாவது சீசன் எங்கயுமே கிடைக்கலை... உன்கிட்ட இருக்கா?"