கீழே ஒருவரும் நிற்கக் கூடாது

நளீருக்கு ஒரு பிடிவாதம் இருந்தது. ட்ரொலியில் பாரம் ஏற்றிப் படியிறக்கும்போது கீழ்ப்பக்கம் ஒரு மனிதனும் நிற்கக் கூடாது. கல்முனையில் பன்னிரண்டு வருடமாகத் தளபாடக் கடைகளுக்குச் சாமான் ஏற்றி இறக்குகிறவன். வழுக்கினால் பாரத்தைக் கைவிடலாம், கீழே ஆள் நின்றால் விட ஏலாது என்பான். கூட வேலை செய்யும் செல்லத்தம்பி அவனைவிடப் பத்து வயது மூத்தவர். கேட்டுக் கேட்டு அவருக்கே அது மனப்பாடமாகியிருந்தது.

அந்த வெள்ளிக்கிழமை காலை இருவரும் கல்முனைக்குடியில் முஸ்பிறா ராத்தாவின் வீட்டுக்குப் போனார்கள். மேல்மாடியை வாடகைக்குக் கொடுக்கப் போகிறாராம். அங்கே கிடக்கும் முதிரை மர அலுமாரியை இறக்கி, ஒலுவிலில் இருக்கும் மகள் வீட்டில் சேர்க்க வேண்டும். ராத்தா மேலே வரவில்லை. "ஏறி இடப்பக்கம், தம்பி" என்று படியடியில் நின்று கையைக் காட்டிவிட்டுச் சமையலைக் கவனிக்கக் குசினிக்குள் போய்விட்டார்.

அலுமாரி வெறுமையாகத்தான் இருந்தது. ஆனாலும் முதிரை அல்லவா, இழுத்துத் திறக்கும் லாச்சிகளைக் கழற்றிய பிறகும் அசைய மறுத்தது. செல்லத்தம்பி லாச்சிகளைக் கீழே கொண்டுபோக, நளீர் ட்ரொலியின் தட்டை அடியில் செருகிப் பட்டியை இரண்டு சுற்றுச் சுற்றி இறுக்கினான். பின்னால் கயிறு கட்டாமல் தொடங்கியது அவன் பிழை. ஜும்ஆத் தொழுகைக்கு முன் முடித்துவிடும் அவசரம்.

இரண்டு பக்கமும் சுவர் வைத்த நேர்ப்படி. முன்னால் அலுமாரி மறைத்துக்கொண்டிருந்ததால் கீழே எதுவும் தெரியவில்லை. முதலாம் படியில் சக்கரம் தடக்கென்று இறங்கியது. இரண்டாம் படியில் தோள்மூட்டு விண்ணென்று வலித்தது. மூன்றாம் படியில் பாரம் திடீரென்று குறைந்தது. வெறும் ட்ரொலியைப் பிடித்திருப்பதுபோல் கை லேசாகிவிட்டது.

"புடிச்சிட்டன். இறக்கு."

குரல் கீழேயிருந்து வந்தது.

நளீருக்குக் கோபம் வந்தது. "அண்ணன், எத்தின தரம் சொல்லுற? கீழ நிக்காம விலகுங்க!"

"புடிச்சிட்டன். இறக்கு."

அதே சொல், அதே நிதானம். நளீரின் கை தன்பாட்டில் சக்கரத்தை அடுத்த படியின் விளிம்புக்கு நகர்த்தியது. ஒரு சிரமமும் இல்லை. இப்படியே கடைசிப் படிவரை போய்விடலாம்போல இருந்தது. அவனைப் பயமுறுத்தியதே அந்தச் சுகம்தான். நின்றுகொண்டான்.

"ஆரோட கதைக்கிறாய்?"

அவன் முதுகுக்குப் பின்னால், மேல்படியில், செல்லத்தம்பி ஒரு லாச்சியோடு நின்றார்.

"நீங்க மேலயா நிக்கிறீங்க?"

"இது ஒண்டு மூலைக்குள்ள கிடந்திச்சு. நீ படியில இறக்க முந்தியே எடுக்க ஏறி வந்தன்."

நளீர் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். "ராத்தா!" என்று கத்தினான். "படிக்குக் கீழ ஆர் நிக்கிற?"

குசினிப் பக்கமிருந்து செருப்புச் சத்தம் வந்தது. "ஒருத்தரும் இல்லையே, தம்பி."

"நீங்களும் கிட்ட வராதீங்க! தள்ளி நில்லுங்க!"

செல்லத்தம்பி மேல்மாடி அறைக்குள் ஓடிப்போய்க் கயிற்றை எடுத்து வந்து ட்ரொலியில் மாட்டி, மறுநுனியை ஜன்னல் கம்பியில் சுற்றினார். இருவரும் பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தார்கள். இப்போது பாரம் முழுதும் திரும்பி வந்திருந்தது. அலுமாரி மேல்தரையில் ஏறியதும்தான் நளீர் மூச்சு விட்டான்.

முஸ்பிறா ராத்தா மெல்ல மேலே ஏறி வந்தார். "என்ன கேட்ட, தம்பி?"

நளீர் தயங்கினான். பிறகு சொன்னான். "புடிச்சிட்டன், இறக்கு எண்டு."

ராத்தா சுவரைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"எட்டு வருஷம்" என்றார். "இந்த அலுமாரிய இறக்க ஆள் கூப்பிடுவம் எண்டன். எங்கட இவர் கேக்கல்ல. அவர் கீழ, நான் மேல. புடிச்சிட்டன், இறக்கு எண்டார். நான் இறக்கினன்." முந்தானையை வாயில் பொத்திக்கொண்டார். "அக்கம்பக்கத்தார் வந்து இத மேல இழுத்துத்தான் அடியில கிடந்த மையித்த எடுத்தாங்க."

"இன்னாலில்லாஹி" என்று முணுமுணுத்தான் நளீர். ராத்தாவின் கணவர் அப்துல் ஸமட் விபத்தில் மௌத்தானார் என்று மட்டும்தான் ஊரில் கேள்விப்பட்டிருந்தான்.

"கோவமாவா கதைச்சார்?" என்று கேட்டார் ராத்தா.

"இல்ல ராத்தா. ஆதரவாத்தான்."

"இண்டைக்கு விடுவம், நளீர்" என்றார் செல்லத்தம்பி. நளீருக்கும் அதுதான் எண்ணம். ராத்தா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"இறக்குங்க. நான் கீழ நிண்டு பாக்கிறன்."

"அது மட்டும் ஏலா" என்றான் நளீர். "மேல எங்களுக்குப் பின்னால நில்லுங்க."

செல்லத்தம்பி கயிற்றைத் தளர்த்தித் தளர்த்திக் கொடுக்க, நளீர் ஒவ்வொரு படியாக இறக்கினான். மூன்றாம் படி வந்தபோது அவன் கை தானாக நின்றது. கடற்கரைப் பக்கத்து வெயில் ஜன்னலால் வந்து படியில் விழுந்துகொண்டிருந்தது.

அப்போது ராத்தா மேலேயிருந்து கூப்பிட்டார், வீட்டில் இருக்கிறவரைக் கூப்பிடுகிற சாதாரணக் குரலில். "நீங்க விலகி நில்லுங்க. இவங்க இறக்குவாங்க."

நளீர் இறக்கினான். கடைசிப் படிவரை பாரம் கொஞ்சமும் குறையவில்லை. அவனுக்கு அதுவே பெரிய ஆறுதலாக இருந்தது.

அலுமாரியை லொறியில் ஏற்றிக் கட்டி முடித்ததும் நளீர் வாசலில் நின்று சொன்னான்: "ராத்தா, நாங்க போறம். கீழ வாங்களன்."

அவர் மேல்படியில் உட்கார்ந்து, கீழ்ப்படியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்க போங்க, தம்பி. நான் கொஞ்சம் காதக் குடுத்துக் கேட்டுக்கொண்டு இருக்கன்."