திருநீறு பூசிய டிராக்டர்

மலைக் கிராமமான கோலா தெர்லாவில் ஒருவனுக்குக் கஷ்டம் வந்தால், அதன் முடிவு அவனுக்குத் தெரிவதற்கு முன்பே ஊருக்குத் தெரிந்துவிடும். 1978ஆம் வருஷத்து நவம்பர் மழையில் ஆண்டியப்பனின் டிராக்டர் மேட்டுப் பாதையிலிருந்து சறுக்கி ஓடைக்குள் தலைகுப்புறக் கவிழ்ந்தபோதும் அப்படித்தான் ஆயிற்று. அவர் குதித்துத் தப்பித்தார். வலது கால் முறிந்தது. டிராக்டர் ஒரு ராத்திரி முழுக்கத் தண்ணீரில் கிடந்தது. மறுநாள் இருபது பேர் கயிறு கட்டி இழுத்து அதை அவர் வீட்டு வாசலில் கொண்டுவந்து சேர்ப்பதற்குள், ஆண்டியப்பன் குடும்பம் மறுபடியும் தேயிலைத் தோட்டத்துக்கே போகப்போகிறது என்ற செய்தி கம்போங் ராஜா கடைத்தெரு வரைக்கும் போய்விட்டது.

அந்தச் செய்தியைத் தாங்கமுடியாதவள் அவர் மனைவி வடிவம்மாள். பதினொரு வருஷம் கொழுந்து பறித்து, மூன்று வருஷம் தேயிலைத் தொழிற்சாலையில் கூட்டித் துடைத்து, நாலு வருஷத்துக்கு முன்னால் தோட்டத்து லயத்து வீட்டைக் காலி செய்துகொண்டு வந்தவள் அவள். சும்மா வரவில்லை. "இனிமே துரையும் வேணாம், கிராணியும் வேணாம்" என்று நாலு பேர் காதில் விழும்படி சொல்லிவிட்டு வந்தாள். இப்போது அதே கிராணியின், தோட்டத்துக் குமாஸ்தாவின், மேஜைக்கு முன்னால் போய்ப் பேரைப் பதியச் சொல்லி நிற்க வேண்டும். நினைக்கும்போதே அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது.

டிராக்டர் இல்லாமல் பிழைக்க வழியும் இல்லை. முட்டைக்கோஸ் விளைவது பள்ளத்தில். லோரி நிற்பது மேலே தார்ச்சாலையில். ஒரு கூடையைத் தலையில் சுமந்து ஏறினால் முக்கால் மணி நேரம் ஆகும். இவர்கள் காயோடு அக்கம்பக்கத்து ஐந்து கொல்லைக் காயும் அந்த டிராக்டரில்தான் மேலே ஏறிக்கொண்டிருந்தது.

வியாழக்கிழமை பழைய இரும்பு வியாபாரி ரெங்கசாமி வந்து பார்த்தார். மட்கார்டு அப்பளம், மூடி நசுங்கல், ஸ்டீரிங் வளைந்து கோணல். அதையெல்லாம் அவர் ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளவில்லை. எண்ணெய்க் கோலை உருவிக் காட்டினார். எண்ணெய் பால் ஊற்றிய தேத்தண்ணி நிறத்துக்கு மாறியிருந்தது. ரேடியேட்டரில் தண்ணீர் ஊற்றச் சொன்னார். ஊற்றிய தண்ணீர் நிற்கவில்லை. எங்கிருந்தோ வழிந்து அடியில் சொட்டியது. பிறகு இஞ்சின் பக்கவாட்டில் விரலை வைத்தார். அங்கே ஒரு சாண் நீளத்துக்கு ஒரு கோடு.

"பிளாக் வெடிச்சிருச்சுண்ணே. இஞ்சினுக்கு உடம்பே போச்சு. இனி இது வெறும் இரும்புதான்-லா. சனிக்கெழம லோரி கொண்டாறேன்" என்றார்.

பெஞ்சில் மாவுக்கட்டுப் போட்ட காலை நீட்டி உட்கார்ந்திருந்த ஆண்டியப்பன் தலையை ஆட்டிவிட்டார். தன் கையால் கவிழ்த்த வண்டி என்ற குற்ற உணர்ச்சி அவரைத் தின்றுகொண்டிருந்தது. வியாபாரி போனதும், "தோட்டத்துக்கே போயிரலாம் வடிவு. கிராணி நல்ல மனுசன். கேட்டா லயத்துல எடம் குடுப்பாரு" என்றார்.

"நீங்க வேணும்னா போங்க" என்று உள்ளே போய்விட்டாள் அவள். அந்தப் பேச்சில் தைரியம் ஏதும் கிடையாது. வெறும் கோபம்தான்.

சனிக்கிழமை விடிந்ததும் தேத்தண்ணி போட ஸ்டவ்வில் மண்ணெண்ணெய் ஊற்றினாள். அந்த ஸ்டவ்வின் வயிற்றில் கண்ணுக்குத் தெரியாத ஒரு கசிவு உண்டு. இருக்கும் இடம் எப்படித் தெரியும் என்றால், அடுக்களைச் சாம்பல் அங்கே மட்டும் கறுப்பாக ஒட்டிக்கொண்டு ஒரு கோடு போட்டிருக்கும். தினமும் திட்டிக்கொண்டே துடைக்கிற கோடுதான். அன்றைக்குத் துடைக்கப் போன கை அப்படியே நின்றது.

தொழிற்சாலையில் கொழுந்து அரைக்கிற உருளை ஒருமுறை நின்றுபோனபோது மெக்கானிக் காளிமுத்து என்ன செய்தார் என்பது அவள் நினைவுக்கு வந்தது. இரும்பு முழுக்க மண்ணெண்ணெய் தடவி ஊறவிட்டார். பிறகு ஈரம் போகத் துடைத்து, மேலே கரும்பலகையில் எழுதுகிற சாக்குக்கட்டியின் பொடியைத் தூவினார். உண்மையான விரிசல் இருந்தால் அதற்குள் போன மண்ணெண்ணெய் மெல்ல வெளியே வந்து வெள்ளைப் பொடியில் கோடு போடும். வெறும் கீறலாக இருந்தால் பொடி வெள்ளையாகவே நிற்கும். அன்றைக்கு அவருக்குத் துணி எடுத்துக் கொடுத்தவள் வடிவம்மாள்தான்.

ஸ்டவ்வை அப்படியே விட்டுவிட்டு மண்ணெண்ணெய் டின்னோடு ஓடினாள். இஞ்சினைச் சேறு போகக் கழுவி, பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் மூலைமுடுக்கெல்லாம் மண்ணெண்ணெய் தடவினாள். பனியும் தூறலும் படாமல் மேலே பிளாஸ்டிக் ஷீட்டைக் கட்டினாள். ஆண்டியப்பன் பெஞ்சிலிருந்தே, "என்னா செய்யிற? விக்கிற சாமானுக்கு என்னாத்துக்குக் குளிப்பாட்டல்?" என்று கத்தினார். அவள் காதிலேயே வாங்கவில்லை. ஒரு மணி நேரம் ஊறவிட்டு, கிழிந்த சேலையால் அழுந்தத் துடைத்தாள்.

இனிப் பொடிதான் வேண்டும். சாக்குப்பொடிக்கு எங்கே போவது? பள்ளிக்கூடம் பூட்டிக் கிடக்கிறது. கண் சாமி மேடைக்குப் போனது. ஈப்போ தைப்பூசத்துக்குப் போனபோது வாங்கிய திருநீறு ஒரு முழுப் பொட்டலம் இருந்தது. முருகா, கோவிச்சுக்காதே என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு அதை எடுத்து, இஞ்சின் முழுக்கத் தட்டித் தட்டிப் பூசினாள்.

அவள் பூசி முடிக்கவும் ரெங்கசாமியின் லோரி வந்து நிற்கவும் சரியாக இருந்தது.

லோரிச் சத்தம் கேட்டு அக்கம்பக்கத்துக் கொல்லைக்காரர்களும் கூடிவிட்டார்கள். வந்தவர்கள் கண்டதெல்லாம் இஞ்சினெல்லாம் வெள்ளையாகத் திருநீறு பூசி நிற்கும் டிராக்டரையும் அதன் முன்னால் கண் இமைக்காமல் நிற்கும் வடிவம்மாளையும்தான். அடுத்த கொல்லை வேலம்மா கையோடு சூடமே கொண்டுவந்துவிட்டாள். "கடைசியா ஒரு பூச போட்டு அனுப்புறா பாவம்" என்று மூக்கைச் சிந்தினாள்.

"சூடம் ஏத்தாதீங்கக்கா! மண்ணெண்ணெ இருக்கு!" என்று அலறினாள் வடிவம்மாள்.

சங்கிலியை எடுத்துக்கொண்டு வந்த ரெங்கசாமிக்கோ கால் எழவில்லை. காசு விஷயத்தில் யாருக்கும் வளையாத மனுஷன், திருநீற்றைக் கண்டதும் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டார். கையையும் கட்டிக்கொண்டார். "நீங்க நல்லா கும்புட்டு முடிங்க தங்கச்சி. நான் நிக்கிறேன்" என்றார்.

அவளுக்கு வேண்டியதும் அதுதான். ஒரு அரை மணி நேரம். கூட்டம் கோயிலில் நிற்பதுபோல் நிற்க, அவள் ஒரு சாண் நீளக் கோடு இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த இடம் கறுத்தால் எல்லாம் முடிந்தது. பத்து நிமிஷம், இருபது நிமிஷம். வெள்ளையாகவே இருந்தது.

அப்போது வேலம்மா, "அய்யோ, இங்க என்னமோ கசியுது!" என்று கத்தினாள்.

வடிவம்மாள் ஓடிப்போய்ப் பார்த்தாள். முன்பக்கம், விசிறிக்குப் பின்னால் இருக்கிற தண்ணீர் பம்ப்பின் மேல், ஈரமான ஒரு கறுப்புக் கோடு வளைந்து வளைந்து வந்துகொண்டிருந்தது. பம்ப்பில் மட்டும். இஞ்சின் உடம்பில் ஒரு பொட்டு இல்லை. விழுந்த வேகத்தில் விசிறி உள்ளே அமுங்கி அதை உடைத்திருக்கிறது. நாலு போல்ட்டைக் கழற்றினால் கையோடு வந்துவிடுகிற சாமான்!

"வெடிச்சது பம்ப்பு! பிளாக் இல்ல! ஏங்க, பிளாக் நல்லா இருக்குங்க!" என்று அவள் போட்ட சத்தத்தில் ஆண்டியப்பன் கால் கட்டை மறந்து எழப் பார்த்து, வலியில் மறுபடியும் உட்கார்ந்தார்.

ரெங்கசாமிக்கு முகம் சுருங்கியது. "அப்ப நான் காட்டுனேனே, அந்தக் கோடு?"

வடிவம்மாள் காய் நறுக்கும் கத்தியைக் கொண்டுவரச் சொன்னாள். முனையால் சுரண்டினாள். பழைய சாயம் பொடியாக உதிர்ந்தது. கூடவே ரெங்கசாமியின் விரிசலும் உதிர்ந்துவிட்டது. அடியில் இரும்பு சுத்தமாக இருந்தது.

"எண்ணெயில தண்ணி கலந்திருந்துச்சே?"

"ராத்திரி பூரா ஓடையில தலகீழா கெடந்தா கலக்காமயாண்ணே இருக்கும்? வடிச்சு ஊத்துனாப் போச்சு."

ரெங்கசாமி குனிந்து பார்த்தார். தொட்டுப் பார்த்தார். விரலை மோந்துகூடப் பார்த்தார். வியாபாரி என்றாலும் கண்ணால் கண்டதை இல்லை என்று சொல்கிற ஆள் இல்லை அவர். "விரிசல்னுதான் நானும் நெனச்சேன் தங்கச்சி. சத்தியமா" என்றார். கொஞ்சம் தயங்கி, "இருந்தாலும் அண்ணன் வாக்குக் குடுத்துட்டாரு" என்று ஆண்டியப்பனைப் பார்த்தார்.

எல்லோரும் ஆண்டியப்பனைப் பார்த்தார்கள். அவர் தன் மனைவியைப் பார்த்தார். அவள் முழங்கை வரை கறுப்பும் வெள்ளையுமாக நின்றாள்.

"வெடிச்ச பிளாக்கத்தான் ரெங்கசாமி நான் விக்கிறேன்னேன். இது வெடிக்கலயே" என்றார் ஆண்டியப்பன். கூட்டம் கொல்லென்று சிரித்தது. மூன்று நாளைக்குப் பிறகு அவருக்கும் சிரிப்பு வந்தது.

"அப்ப, சும்மா திரும்பிப் போகச் சொல்றீங்களா?"

"எதுக்குண்ணே சும்மா போறீங்க?" என்றாள் வடிவம்மாள். "உங்க கொட்டாயில இதே மாதிரி வண்டி மூணு செத்துக் கெடக்கே, அதுல ஒரு நல்ல பம்ப் இருக்கும்ல? நீங்க வாங்க வந்தீங்க. இப்ப நான் வாங்கிக்கிறேன்."

ரெங்கசாமியும் சிரித்துவிட்டார். சாயங்காலத்துக்குள் பம்ப்போடு, வளையாத ஒரு ஸ்டீரிங்கும் வந்து சேர்ந்தது.

எண்ணெயை மூன்று முறை மாற்றினார்கள். டீசலை வடித்தார்கள். ஆண்டியப்பன் பெஞ்சில் இருந்தபடி சொல்லச் சொல்ல, அவள் ஒவ்வொன்றாக முடுக்கினாள். புதன்கிழமை காலையில் இஞ்சின் இரண்டு தரம் இருமி, கறுப்புப் புகையைக் கக்கி, தடதடவென்று உயிர் பிடித்தது. வடிவம்மாள் நின்ற இடத்திலேயே வாய்விட்டு அழுதாள். அழுதுகொண்டே, "பாத்தீங்களா! பாத்தீங்களா!" என்று எல்லோரிடமும் கேட்டாள்.

அடுத்த கேள்வி, ஓட்டுவது யார் என்பது. ஆண்டியப்பனின் கால் இன்னும் மாவுக்கட்டில்தான். அவர் பின்னாலிருந்து சொல்லச் சொல்ல ஓட்டிவிடலாம் என்று, அவள் கேட்காமலேயே ஏறி உட்கார்ந்தாள்.

ஆறு கொல்லை முட்டைக்கோஸும் பின்னால் மாட்டிய டிரெய்லரில் ஏறியது. அதன் மேல் மாவுக்கட்டுக் காலோடு ஆண்டியப்பனும் ஏறினார். அவர் விழுந்த அந்த வளைவு வந்தது. "மெதுவா வடிவு, மெதுவா! இங்கதான்!" என்று பின்னாலிருந்து கத்தினார். அவள் இரண்டாவது கியரிலேயே மெதுவாகத்தான் போனாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு, சேற்றில் ஒரு சக்கரமும் வழுக்காமல் வளைந்து மேலேறினாள். மேலே தார்ச்சாலை வந்தது. லோரிகள் வரிசையாக நின்றன. கூலிக்காரர்கள், காய் வாங்க வந்த தவுக்கே முதலாளிகள், பஸ்ஸுக்கு நிற்கிற தோட்டத்து ஜனங்கள், எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"இப்ப என்னா செய்யட்டும்?" என்று திரும்பாமலே கேட்டாள்.

"இப்ப மூணாவது கியர் போடு தாயே!" என்றார் ஆண்டியப்பன்.

போட்டாள்.