உள்ளே இடம் இருக்கு

சட்டமன்ற உறுப்பினர்கள் பதினொரு பேரை ஒரே விசிலில் எழுப்பிச் சுவரோரம் அடுக்கி வைத்ததாக விசிலக்கா சொன்னபோது, நம்பாத ஒரே ஆள் அவள் கூடப்பிறந்த தம்பிதான்.

"டீ குடிக்க எந்திரிச்சிருப்பாங்கக்கா. நீ விடுற கதைக்குத் தனியா ஒரு பஸ்ஸே விடணும்," என்பான்.

அக்கா முப்பத்தோரு வருஷம் கண்டக்டர். ஐம்பது பேர் பஸ்ஸில் நூற்றெண்பது பேரை ஏற்றி, அதில் பாதிப் பேருக்கு உட்காரவும் இடம் பிடித்துக் கொடுத்தவள். ஓய்வு பெற்ற பிறகும் விசில் இடுப்பை விட்டு இறங்கவில்லை.

தம்பி மூட்டை தூக்குபவன். அடிவயிற்றில் குடல் இறங்கிவிட்டது. பெல்ட்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு அப்போதும் தூக்கினான். குடல் முறுக்கிக்கொண்டால் உயிருக்கே ஆபத்து என்றார் டாக்டர். ஆபரேஷனுக்கு மாநில மருத்துவக் காப்பீட்டு அட்டை கேட்டால், பிள்ளைகுட்டி உள்ள ஏழைக்குத்தான் உண்டு, ஒண்டிக்கட்டைக்குக் கிடையாது என்றார்கள்.

"கல்யாணம் ஆகாதவனுக்குக் குடலே கிடையாதா?" அக்கா போட்ட கூச்சலில் அந்த அலுவலக மின்விசிறி மூன்று நாள் எதிர்த்திசையில் சுற்றியது.

விதியை மாற்றலாமா என்று சட்டமன்றக் குழு மக்களிடம் கருத்துக் கேட்ட நாளில் வராந்தா நிரம்பி வழிந்தது. அறைக்குள் இடமில்லை என்று ஒவ்வொருவராகத்தான் விட்டார்கள். தம்பி வலியில் பெஞ்சில் சுருண்டு கிடக்க, அக்கா உள்ளே போனாள். பதினொரு பேர், ஆளுக்கொரு மெத்தை நாற்காலி, அவரவர் பைக்கு இன்னொரு நாற்காலி.

தலைவர் நிமிராமலே சொன்னார்: "கஷ்டம் புரியுதும்மா. ஆனா திட்டத்துல இடமில்லை. அடுத்த கூட்டத்தொடர்ல பாக்கலாம்."

இடமில்லையா? யாரிடம் வந்து சொல்கிறார் இந்த ஆள்!

"அதுக்குள்ள என் தம்பி குடல் முறுக்கினா, பொணமா வந்து மனு குடுக்கணுமா? பைக்கு எடம் இருக்கு, மனுஷனுக்கு இல்லையா? எந்திரிங்க! உள்ள தள்ளிப் போங்க, எடம் காலியாத்தானே கெடக்கு!"

விசில் பறந்தது. என்றோ பஸ்ஸில் தொங்கிக்கொண்டு பள்ளிக்கூடம் போன கால்கள் அல்லவா, மூளையைக் கேட்காமலே எழுந்தன. பதினொரு பேரும் பையை அணைத்தபடி சுவரோரம் நெருக்கியடித்து நின்றார்கள். அக்கா வராந்தாவை மொத்தமாக உள்ளே ஏற்றினாள். தலைவர் நாற்காலியில் தம்பி.

"இப்ப இவன் மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க, எடமில்லைன்னு."

தலைவர் பைக்குள் கையை விட்டுப் பேனாவைத் தேடினார்.

எட்டு மாதத்தில் விதி மாறியது. அன்று தம்பியோடு பெஞ்சில் இருந்த பெயின்டருக்கும் அட்டை வந்தது. அதை வாங்க அவர் உயிரோடு இல்லை. இதைச் சொல்லும்போது மட்டும் அக்கா எதையும் கூட்டிச் சொல்வதில்லை, பல்லைக் கடித்துக்கொள்வாள்.

தம்பிக்கு அறுவை சிகிச்சை முடிந்த மறுநாள், பக்கத்துப் படுக்கைக்காரர் கேட்டார்: "உங்கக்கா சொல்றதெல்லாம் நெசமா தம்பி?"

தம்பி தையலை மெதுவாகத் தடவினான்.

"வலியில விசில் என் காதுல விழலைங்க. ஆனா அன்னைக்கு அங்க டீயும் வரல. நான் உக்காந்தப்ப அந்த நாற்காலி சூடா இருந்துச்சு. நடந்தது நெசந்தான்."