இரண்டாவது கட்டம்

"டிக் போட்டுட்டேன். நீ கையெழுத்து மட்டும் போடு," என்று மாமனார் படிவத்தை மருமகள் முன்னால் தள்ளினார்.

கேபிள் இழுக்கப் போன மூத்த மகன் ஏணியிலிருந்து விழுந்து செத்து ஐந்து மாதம். அவன் மனைவிக்கு ஒரு சான்றிதழ் பரீட்சைக்குப் பணம் கட்டுவதாகவும், தேறினால் வேலை தருவதாகவும் கம்பெனி சொல்லியிருந்தது. படிவத்தில் இரண்டு கட்டங்கள். முதலாவது கம்ப்யூட்டர் உதவி: போனில் பதில் சொல்லும் வேலை. இரண்டாவது நெட்வொர்க்: இடம் இடமாகப் போய் இணைப்பைச் சரிசெய்யும் வேலை.

"போன் வேலைன்னா பின்ரூம்லயே உக்காந்து பாத்துக்கலாம். புருஷனை முழுங்கினவ முகத்தை நாலு பேர் பாக்க வேணாம்," என்றாள் மாமியார்.

மருமகள் கையெழுத்துப் போட்டு, படிவத்தோடு கம்பெனிக்குப் போனாள்.

பயிற்சி அதிகாரி ஒளிக்காமல் சொன்னார். "முதலாவது சுலபம்மா. வேலையும் சீக்கிரம் கிடைக்கும். ஆனா நிறையப் பேர் அந்த நாற்காலியிலயே தங்கிடுறாங்க. நெட்வொர்க் கஷ்டம். தேறிட்டா மேல போக வழியிருக்கு."

"என் வீட்டுக்காரர் இந்தப் பரீட்சைக்குப் படிச்சப்ப நான்தான் சார் கேள்வி கேப்பேன். பாதிக்கு அவருக்கு முன்னாடியே எனக்குப் பதில் தெரியும்."

மாமனாரின் டிக்கின் மேல் கோடு கிழித்துவிட்டு இரண்டாவது கட்டத்தில் தன் டிக்கைப் போட்டாள்.

வீட்டில் அவளோடு பேச்சு நின்றது. ஒருநாள் புத்தகம் வாளித் தண்ணீரில் ஊறிக் கிடந்தது. யார் வேலை என்று அவள் கேட்கவில்லை. பக்கம் பக்கமாக உலர்த்திப் படித்தாள். முதல் தடவை ஆறு மதிப்பெண்ணில் தோற்றாள். இருந்த ஒரு வளையலை விற்றுப் பணம் கட்டி, மறுமுறை தேறினாள்.

சம்பளம் வந்ததும் பேச்சும் தானாக வந்துவிட்டது. அவள் முகம் மட்டும் அவர்களுக்கு ஆகாததாகவே இருந்தது.

கொழுந்தனுக்குக் கல்யாணம் பேசி முடிக்கப் பெண் வீட்டார் வந்த காலையில், "நீ பின்வாசல் வழியா வேலைக்குப் போயிடு," என்றார் மாமனார்.

அவள் யூனிஃபார்ம் மாட்டி, கருவிப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு, நடுக்கூடத்தின் வழியே நடந்தாள்.

"இது யாருங்க?" என்றார் பெண்ணின் அப்பா.

"இன்டர்நெட் சரிபண்ண வந்த பொண்ணு," என்று மாமனார் சிரித்தார்.

வாசலில் குனிந்து ஷூ மாட்டிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள்.

"இந்த வீட்டு மூத்த மருமகளுங்க நான். உங்க பொண்ணைக் குடுக்கிறதுக்கு முன்னாடி என்னைப் பத்தியும் விசாரிச்சுக்கோங்க."

மறுபடி குனிந்து ஷூ கயிற்றை முடிந்தாள். அன்றைக்கு எட்டு இடம் போகவேண்டியிருந்தது. கதவைச் சாத்தாமலே படியிறங்கிப் போனாள்.